ஹந்தானை மலையிலிருந்து பார்த்த பள்ளிக்கூடங்கள்

கண்டிக்குச் செல்வோர் தலதா மாளிகையையும் வாவியையும் கண்டு களித்துவிட்டுத் திரும்புவதே வழக்கம். நகருக்குத் தெற்கே மதில்போல் நிற்கும் ஹந்தானை மலையை நிமிர்ந்து பார்த்து, "அழகுதான்!" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு பஸ் வண்டி ஏறிவிடுவார்கள். நாமும் பன்முறை அவ்வாறு செய்தவர்களே. இம்முறை பிள்ளைகளின் நச்சரிப்புப் பொறுக்கமாட்டாமல் மலைப்பாதையில் ஏறினோம்.

நகரிலிருந்து ஏறக்குறைய 4 கிலோமீட்டர் ஏறியதும் நான்கு மாடிக் கட்டடம் ஒன்று எதிர்ப்படுகிறது. 1925 ஆம் ஆண்டில் எழுந்த தேயிலைத் தொழிற்சாலை அது. பின்னர் வேலை நின்று பாழடைந்து கிடந்து, 2001 முதல் தேயிலை நூதனசாலையாக விளங்குகிறது. பழைய இயந்திரங்களும், 1867 இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருள்களும் அங்கே உண்டு. ஆனால் சிறுவர்க்கு இயந்திரம் எதற்கு? மேல்மாடியில் ஒரு தொலைநோக்கி இருக்கிறதே!

நாம் சென்ற அன்று சுற்றுலா வந்த மாணவர் கூட்டமொன்று அந்தத் தொலைநோக்கியை முற்றுகையிட்டிருந்தது. ஒவ்வொருவனுக்கும் தன் பள்ளிக்கூடத்தைத்தான் காண வேண்டுமாம். விடுமுறையில் அதைவிட்டு ஓடுவதே பிறவிப் பயன் என்றிருப்பவர்கள், மலைமேல் ஏறி அதையே தேடுவது வேடிக்கையன்றோ! ஒருவன் கண்ணை வைத்தவன், "ஐயோ, அதிபர் வாசலிலே நிற்கிறார்!" என்று அலறினான். அவ்வளவுதான், பாதிக் கூட்டம் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. உடன் வந்த ஆசிரியர், "அவருக்குத் தொலைநோக்கி இல்லையடா" என்று சொன்ன பிறகே தலைகள் வெளியே வந்தன.

அந்த ஆசிரியரே நமக்கும் கீழே கிடந்த நகரைக் கைநீட்டிக் காட்டினார். 1872 இல் தோன்றிய திரித்துவக் கல்லூரி, 1879 இல் தோன்றிய பெண்கள் உயர்தரப் பாடசாலை, 1887 இல் தோன்றிய தர்மராஜக் கல்லூரி என்று அடுக்கிக்கொண்டே போனார். இவற்றுள் கிங்ஸ்வுட் கல்லூரியின் கதை சுவையானது. திரித்துவக் கல்லூரியில் பயின்ற லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் என்பார் 1891 இல் பதினொரு மாணவரைச் சேர்த்துக்கொண்டு தொடங்கிய பள்ளி அது. பதினைந்து ஆண்டுகள் சென்றபின், 1906 இல், அவருடைய பிள்ளைகள் அவர் படித்த பள்ளியையே ரக்பி ஆட்டத்தில் எதிர்த்தார்கள். இலங்கையில் இரு பள்ளிகளுக்கிடையே நடந்த முதல் ரக்பி ஆட்டம் அதுவே. ஆறுக்கு ஆறு என்று சமநிலையில் முடிந்தது. பிளேஸ் அவர்கள் அன்றிரவு நிம்மதியாக உறங்கியிருப்பார் என்று நாம் எண்ணிக்கொண்டோம்.

பெரும் போட்டிக் காலத்தில் கண்டி வீதிகளைப் பார்க்க வேண்டும். கொடி கட்டிய லொறிகளும், பப்பரே வாத்தியமும், தொண்டை கட்டிய இளைஞர்களும்! பெரியவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். பிறகு தம் காலத்து லொறியைப் பற்றி அவர்களே அரைமணி நேரம் பேசுவார்கள்.

இப்பள்ளிகளுள் மகாவலிக் கரையில், கட்டுகஸ்தோட்டையில் உள்ள புனித அந்தோனியார் கல்லூரிக்குத் தனிப் பெருமை உண்டு. முத்தையா முரளிதரன் அங்கே படித்தவர். அவருடைய பாட்டனார் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். பள்ளியில் மித வேகமாகப் பந்து வீசிக்கொண்டிருந்த சிறுவனை, பதினான்கு வயதில் சுழற்பந்துக்கு மாறச் சொன்னவர் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ. 1991 இல் அவர் நாட்டின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரரானார். 2007 டிசம்பரில் ஷேன் வோர்னின் 708 விக்கெட் சாதனையை அவர் கடந்தார். எங்கே தெரியுமா? அஸ்கிரிய மைதானத்தில், அதாவது தம் பள்ளியின் பரம வைரியான திரித்துவக் கல்லூரிக்குச் சொந்தமான மைதானத்தில்! அன்று யாரும் பகை பாராட்டியதாகத் தெரியவில்லை.

நூதனசாலையை விட்டு மேலே நடந்தால் தேயிலைச் செடிகளும் லயன்களும் வருகின்றன. மலையகத்துத் தோட்டப் பாடசாலை என்பது நெடுங்காலம் பெரும்பாலும் ஒரே கூடம், ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு என்றே இருந்தது. 1970களில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கிற்று. அந்தத் தாமதத்துக்கு விலை கொடுத்தவர்கள் பிள்ளைகள். கீழே கல்லூரிகள் நூற்றாண்டு விழாக் கொண்டாடுகையில், மேலே பெயரெழுதக் கற்பதே சாதனையாயிருந்தது.

மலையின் மறுபுற அடிவாரத்தில்தான் பேராதனைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அம்மாணவரைப் பற்றி 1969 இல் வந்த சிங்களத் திரைப்படத்துக்கே 'ஹந்தானே கதாவ' என்று இம்மலையின் பெயர் அமைந்தது. 1952 முதலே அங்கு வகுப்புகள் நடந்து வந்தமையால், 1954 இல் திறந்துவைக்க வந்த எடின்பரோக் கோமகன், வழக்கத்தைவிடக் கூடுதலாகத் திறந்திருப்பதாக அறிவித்தாராம். நல்ல வேடிக்கைதான். ஆனால் லயன் பிள்ளைக்கு அந்தக் கதவு எவ்வளவு திறந்திருந்தது?

தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு ஒரு லயன் வாசலில் நின்றோம். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகள் புத்தகத்தை மடித்து வைத்துவிட்டு வந்தாள். தினமும் மலையிறங்கி நகரத்துப் பள்ளிக்குப் போய்வருகிறாளாம். தமிழ்த் தினப் போட்டியில் பேச்சுக்குப் பரிசு பெற்றவள் என்று தாயார் சொன்னார்.

"எங்கே அம்மா பேசிப் பழகினாய்?"

"தேயிலைக்குத்தாங்க. அது நடுவிலே எழுந்து போகாதுங்களே!"

பேராதனைக்குப் போக விருப்பமா என்று வினவினோம். "மலைக்கு அந்தப் பக்கந்தானேங்க இருக்கு" என்று முகட்டைப் பார்த்தாள். இதுவரை போய்ப் பார்த்ததில்லையாம்.

பரிசுக் கிண்ணத்தைக் காணலாமா என்று நம் பிள்ளைகள் கேட்டார்கள். அவள் வெட்கத்தோடு தாயாரைப் பார்த்தாள். "அம்மா அதிலே சீனி போட்டு வச்சிருக்காங்க" என்றாள். தண்ணீர் கேட்ட நமக்குத் தேநீரே வந்தது. நடுவில் அந்தக் கிண்ணமும் வந்து அமர்ந்தது. நம் சின்னவன் தேவைக்கு மேல் மூன்று கரண்டி அள்ளிக்கொண்டான்.