சங்பான் கேட்கிறதா?

எங்கள் கொட்டு வாசிப்புக் குழுவுக்குப் புதிதாக யார் வந்தாலும் கண் முதலில் ஜெம்பேமேல்தான் போகும். ஒரே மரத்தைக் குடைந்து, இடை ஒடுங்கி வாய் விரியச் செதுக்கி, ஆட்டுத்தோல் போர்த்திய கொட்டு அது. வெறுங்கையால் ஓங்கி அறைந்தால் தெருமுனைவரை கேட்கும். ஆசை வருவது இயல்புதான். ஆனால் நான் அவர்களை அழைத்துப்போய் நிறுத்துவது டூனூன் முன்னால். இருபுறமும் மாட்டுத்தோல் கட்டிய உருளை, குச்சியால் அடிப்பது. சிலருக்கு முகம் வாடிவிடும். வாடினாலும் விடுவதில்லை. கினியாவின் மலிங்கே மக்கள் வாசிக்கும் தாளங்களைக் கற்க வேண்டுமென்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

நைஜர் ஆறு ஓடும் மேல் கினியாவில், குரூசா நகரைச் சுற்றிய ஊர்களுக்கு ஹமனா என்று பெயர். அங்கே டூனூன் மூன்று. சிறியது கென்கெனி, நடுவானது சங்பான், பெரியது டூனூன்பா. மூன்றையும் மூன்று பேர் வாசிப்பார்கள். கொட்டு படுக்கைவாக்கில் இருக்கும். அதன் முதுகில் ஒரு இரும்பு மணியைக் கட்டியிருப்பார்கள். ஒரு கை குச்சியால் தோலை அடிக்க, மறு கை இரும்புத் துண்டால் மணியைத் தட்டிக்கொண்டே இருக்கும். கென்கெனி ஒரு சின்னச் சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லிக் காலத்தைப் பிடித்து நிறுத்தும். டூனூன்பா நெடுநேரம் சும்மா இருந்துவிட்டு, கனத்த சில அடிகளை வைக்கும். இரண்டுக்கும் நடுவே பாட்டைப்போல நீள்வது சங்பான். எந்தத் தாளம் வாசிக்கப்படுகிறது என்பதை ஊர்க்காரர் தெரிந்துகொள்வது பெரும்பாலும் சங்பானை வைத்துத்தான்.

ஜெம்பேக்காரர்களில் ஒருவர்தான் முன்னின்று தனி வாசிப்பார். மற்றவர்கள் துணை வாசிப்பு. ஒரு ஸ்லாப் (கூர்மையான அடி), கொஞ்சம் இடைவெளி, இரண்டு டோன் (உருண்டையான அடி) என்று போகிற மாதிரியான துணைச் சொற்கள் ஒன்றிரண்டுதான். அவையே பல தாளங்களுக்குப் பொது. காசா என்னும் தாளத்துக்கும் அதுதான், கூக்கு என்னும் தாளத்துக்கும் ஏறக்குறைய அதுதான். ஜெம்பேயை மட்டும் படித்தவரிடம் அந்தச் சொல்லை வாசிக்கச் சொல்லி, இது எந்தத் தாளம் என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. டூனூன் சேர்ந்த பிறகுதான் அதற்குப் பெயர் கிடைக்கிறது. கையில் ஜெம்பேயோடும் காதில் ஒன்றுமில்லாமலும் படிக்கிற வகுப்புகள் உலகம் முழுக்க நடக்கின்றன. அவற்றில் படிப்பவர்கள் உழைக்காதவர்கள் அல்லர். அவர்களுக்குக் கொடுக்கப்படுவது தாளத்தின் ஒரு துண்டு மட்டுமே என்பதுதான் எனக்குள்ள வருத்தம்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஹமனாவில் பிறந்து கொனாக்ரி நகரில் வாழ்ந்தவர். எண்ணி அவர் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. துணைச் சொல்லை என் கையில் ஏற்றிவிட்டு, அது ஓடத் தொடங்கியதும் தம் குச்சியை எடுப்பார். சங்பான் சேரும். சிறிது நேரம் கழித்து, வாசிப்பை நிறுத்தாமலே கேட்பார்: "சங்பான் கேட்கிறதா?" கேட்கிறது என்பேன். "அப்படியானால் அதைப் பாடு." கை ஜெம்பேயில் ஒன்றை வாசிக்க, வாய் சங்பானின் அடிகளைச் சொல்ல வேண்டும். கை உடனே குழம்பும். அவர் கோபிக்க மாட்டார், விளக்கவும் மாட்டார். முதலிலிருந்து வாசிப்பார், அவ்வளவுதான்.

அந்தப் பயிற்சியில் காதுக்கு நடப்பதை விரித்துச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் நம் கொட்டின் சத்தமே காதை அடைத்துக்கொள்கிறது. அடி தவறிவிடுமோ என்ற பதற்றம் வேறு. கை பழகப் பழக அந்தச் சத்தம் பின்னுக்குப் போகும். கென்கெனி தனியாகக் கேட்கும். அப்புறம் சங்பான். டூனூன்பா வருவது கடைசியில். அது அரிதாக விழுவதால் அதற்காகக் காத்திருக்கப் பழக வேண்டியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் வேறொன்று நடக்கும். மூன்று டூனூன்களின் மேல், நடு, கீழ் ஒலிகள் ஒன்றோடொன்று கோத்து ஒரு மெட்டாகிவிடும். அந்த மெட்டை அங்கே யாரும் வாசிக்கவில்லை. ஒருவர் அடிக்கும் இடமும் மற்றவர் விட்ட இடைவெளியும் சேர்ந்து அது உருவாகிறது. என் துணைச் சொல்லில் வரும் இரண்டு டோன் எதற்காக அந்த இடத்தில் வைக்கப்பட்டன என்பது அந்த மெட்டு கேட்ட பிறகுதான் விளங்கியது. சங்பான் மூச்சு விடும் இடத்தில் அவை விழுகின்றன.

தமிழ்க் காதோடு இதற்குள் வருபவருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கச்சேரி கேட்டு வளர்ந்த நாம் சமம் எங்கே என்று தேடுவோம். தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, பாட்டு எங்கே எடுக்கிறது, எங்கே வந்து சேர்கிறது என்று பார்ப்போம். மலிங்கே தாளங்களிலும் சுழற்சி உண்டு, அசையாத துடிப்பும் உண்டு. ஆனால் அதைக் கைபோட்டுக் காட்டுவார் யாருமில்லை. பல சொற்கள் துடிப்புக்கு முன்னால் தொடங்கி அதைத் தாண்டி முடிகின்றன. முதல் அடி எது என்று ஆசானிடம் கேட்டபோது அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு ஆடிக்காட்டினார். பாதம் மண்ணில் படும் இடம்தான் பதில். அதற்குப் பிறகு கொட்டைத் தொடாமல், கால் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே சங்பான் சொல்லைப் பாடவைத்தார். அந்த நாட்டில் தாளத்தைப் பிடித்திருப்பது ஆடுகிறவர்களின் கால். வாசிக்கிறவர் அதைப் பார்க்க வேண்டும். ஆடத் தெரியாமல் தனி வாசிக்கப் போகிறவரை அங்கே யாரும் பெரிதாக மதிப்பதில்லை. அது நியாயம் என்றே நானும் நினைக்கிறேன்.

இன்னொன்று, தகிட என்று சொல்லிப் பழகிய நாவுக்கு. நம் திஸ்ரத்தில் மூன்று எழுத்தும் ஒரே அளவு. மலிங்கே வாசிப்பில் மூன்றாகப் பிரியும் துடிப்புகள் பல தாளங்களில் சம அளவாக இருப்பதில்லை. ஒன்று குறுகும், ஒன்று நீளும். ஏதோ வாசிப்பவரின் நெளிவு என்றுதான் முதலில் தோன்றும். ரைனர் போலாக் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் தாமே பமாகோ நகர விழாக்களில் ஜெம்பே வாசித்தவர். அங்குள்ள குழுக்களின் வாசிப்பை அளந்து 2010-இல் அவர் வெளியிட்ட ஆய்வு, இந்த ஏற்றத்தாழ்வு அந்தந்தத் தாளத்தின் அடிப்படைக் கட்டமைப்பே என்று காட்டுகிறது. தாளை எடுத்துச் சமமான கட்டங்கள் போட்டு எழுதிப் படிக்கிறவர்களுக்கு இது பிடிபடாது. எழுதி வைப்பதை நான் தடுப்பதில்லை, நினைவுக்கு உதவும். ஆனால் எழுதியதைப் பார்த்து வாசித்தால் சொல் சரியாக இருக்கும், நடை இருக்காது.

இனிக் கை. ஜெம்பேயில் அடிப்படை ஒலி மூன்று: பாஸ், டோன், ஸ்லாப். பாஸ் எளிது. உள்ளங்கை தோலின் நடுப்பக்கம் விழுந்து உடனே எழ வேண்டும். குழிக்குள் இருக்கும் காற்று அதிர்ந்து அடிவாய் வழியே வெளியேறினால்தான் அந்த ஒலி முழுதாக வரும். ஆகவே கொட்டைத் தரையில் நேராக வைத்து அடைத்துவிடக் கூடாது. சாய்த்துக் கால்களுக்கிடையே பிடிக்க வேண்டும், அல்லது தோளில் கட்டித் தொங்கவிட வேண்டும். டோனும் ஸ்லாப்பும்தான் ஆளைப் பிழிந்தெடுக்கும். இரண்டும் விளிம்பருகே, ஏறத்தாழ ஒரே இடத்தில் விழுபவை. விரல்கள் சேர்ந்து, அவற்றின் முழு நீளமும் தோலில் பட்டு எழுந்தால் உருண்டையான டோன். கையைத் தளர்த்தி, விரல் நுனி சுண்டி விழுந்தால் கூர்மையான ஸ்லாப். தொடங்குகிறவர்கள் ஸ்லாப் வரவில்லை என்று இன்னும் வேகமாக அடிப்பார்கள். கை சிவந்து வீங்கும், ஒலி மாறாது. பலத்தைக் குறைத்தால்தான் விரல் தளரும், விரல் தளர்ந்தால்தான் சுண்டும். மோதிரத்தைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். தோலுக்கும் நல்லது, விரலுக்கும் நல்லது.

ஆசான் எனக்கு ஸ்லாப் சொல்லிக்கொடுக்க அவசரப்படவே இல்லை. டோனும் பாஸும் மட்டும் வைத்து நெடுங்காலம் ஓட்டினார். டோன் தெளிவாக விழாத கையில் ஸ்லாப் விழுந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும், வித்தியாசம் தெரியாத சொல்லுக்குப் பொருள் இல்லை என்பது அவர் எண்ணம். நானும் இப்போது அப்படியே செய்கிறேன்.

தோலைப் பற்றியும் ஒரு சொல். இன்றைய ஜெம்பேயில் இரும்பு வளையங்களும் முறுக்கிக் கட்டும் நைலான் கயிறும் வந்துவிட்டன. ஆட்டுத்தோலை அவை எந்த அளவுக்கும் இழுக்கும். முன்பு தோல்வார்தான். ஆட்டத்துக்கு முன் நெருப்பு மூட்டி, நம் பறையைக் காய்ச்சுவதுபோலவே காய்ச்சித் தோலை விறைக்கவைத்தார்கள். மரம் செதுக்குவது கொல்லர்களான நூமு மரபினர். வாசிப்பதற்கு அப்படிக் குலக்கட்டு இல்லை. கோராவும் பலஃபோனும் ஜெலி என்னும் பாணர் மரபினருடையவை. ஜெம்பேயை யாரும் எடுக்கலாம். இந்த வாசல் திறந்திருந்ததால்தான் அந்நியனான நானும் உள்ளே போக முடிந்தது.

வாசல் திறந்திருக்கிறது என்பதற்காகத் தாளத்துக்கு ஊரும் வேளையும் இல்லை என்றாகிவிடாது. காசா அறுவடைத் தாளம். வயலில் வேலை நடக்க, பக்கத்தில் கொட்டு நடக்கும். சோலி, சிறுவர்களின் விருத்தசேதனச் சடங்குக்கு உரியது. யாங்காதி சூசு மக்களின் மெதுவான ஆட்டம். அதிலிருந்து வேகமெடுத்து மக்ரூவுக்குள் போவார்கள். இளைஞரும் யுவதியரும் எதிரெதிரே வரிசை கட்டி ஆடுவது. ஜோலே, தெம்னே மக்களின் முகமூடி ஆட்டம். அதற்கு முதலில் இருந்தது ஜெம்பேயே இல்லை, சிக்கோ என்ற சதுரச் சட்டக் கொட்டு. எல்லாவற்றிலும் என் மனத்தில் நிற்பது மொரிபயாசா. பெரும் குறையோடு இருக்கும் பெண், பெரும்பாலும் பிள்ளைக்காக, ஒரு நேர்த்தி வைக்கிறாள். அது நிறைவேறினால் கிழிந்த பழந்துணி உடுத்து, பாடிக்கொண்டு ஊரைச் சுற்றி வருகிறாள். பெண்கள் பின்தொடர்கிறார்கள், கொட்டுக்காரர்களும் உடன் வருகிறார்கள். ஆயுளில் ஒரு முறை. வார இறுதி வகுப்பில் இந்தத் தாளத்தை வாசிக்கும்போது இதைச் சொல்லாமல் நான் தொடங்குவதில்லை.

இந்தத் தாளங்கள் ஊரை விட்டு வெளியே வந்த வழியும் தெரிந்திருக்க வேண்டும். ஃபொதேபா கெய்த்தா என்ற கினியக் கலைஞர் 1950-களின் தொடக்கத்தில் பாரிஸில் ஒரு ஆட்டக் குழுவைத் தொடங்கினார். 1958-இல் கினியா விடுதலை பெற்ற பிறகு அதுவே 'லே பாலே ஆஃப்ரிக்கேன்' என்ற தேசியக் குழுவாக உலகம் சுற்றியது. சங்பரலா ஊரில் 1940-இல் பிறந்த ஃபமுது கொனாத்தே 1959-இல் அதில் சேர்ந்து முதன்மை ஜெம்பேக்காரரானார். பலந்துகு ஊரில் 1950-இல் பிறந்த மமாதி கெய்த்தாவைச் சிறுவனாகவே 'ஜோலிபா' தேசியக் குழுவுக்கு எடுத்துக்கொண்டார்கள். இவர்கள் இருவரும் பின்னாளில் ஐரோப்பாவில் பாடம் நடத்தியதால்தான் நம்மைப் போன்றவர்கள் கைக்கு இவை வந்தன. குழுவைத் தொடங்கிய ஃபொதேபாவோ கினியாவின் செக்கு தூரே அரசில் அமைச்சராக இருந்து, அதே அரசின் பொய்ரோ முகாமில் 1969-இல் கொல்லப்பட்டார்.

மேடை இந்தத் தாளங்களைக் காப்பாற்றியது, கூடவே மாற்றியும் விட்டது. ஊரில் ஒரு தாளம் ஆடுகிறவர் சோரும்வரை ஓடும். மேடையில் சில நிமிடம்தான்; அதற்குள் திருப்பங்கள், ஒரே வெட்டாக நிற்கும் நிறுத்தங்கள், அடுத்தடுத்துத் தொடுத்த தாளங்கள். மூன்று டூனூனையும் நிமிர்த்திக் கட்டி ஒரே ஆள் வாசிக்கும் முறையும் அந்த வழியில்தான் பரவியது. பார்ப்பதற்கு அது நன்றாகவே இருக்கிறது. ஆனால் மணியின் தொடர்ச்சி அதில் போய்விடுகிறது. மூன்று பேர் ஒருவரையொருவர் கேட்டு வாசிப்பதும் இல்லாமல் போகிறது. தொடங்குகிறவர்களை நான் அந்த முறையில் விடுவதில்லை. ஆள் குறைந்தால் கென்கெனியை விட்டுவிட்டுச் சங்பானையும் டூனூன்பாவையும் மணியோடு வாசிப்போம்.

டூனூனில் ஊன்றிய பிறகு ஜெம்பேக்கு வருகிறவர்களிடம் ஒரு மாற்றம் தெரிகிறது. அவர்கள் வேகம் ஓட்டுவதில்லை. முன்னிற்பவர் வாசிக்கும் சின்ன அழைப்புதான் தாளத்தைத் தொடங்குகிறது, அதுவேதான் நிறுத்துகிறது. அதற்கு அவர்கள் காது எப்போதும் திறந்திருக்கும். ஆடுகிறவர் துள்ளலின் உச்சிக்கு ஏறும்போது தனி வாசிப்பு அடர்ந்து கொதிக்கும். அப்போது சங்பான்காரரும் தம் சொல்லை மாற்றி அந்தச் சூட்டோடு சேர்ந்துகொள்வார். துணை வாசிக்கிறவர் அந்த இடத்தில் தம் சொல்லைக் கொஞ்சமும் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். பெரிய கொட்டின் பெயரையே கொண்ட, வலிமை மிக்க ஆண்களின் ஆட்டமான டூனூன்பாவுக்கு ஒரு குடும்பமாகவே பல தாளங்கள் இருக்கின்றன. அவற்றில் சங்பான் சொல் நீளமானது, சூடேறும்போது அது திரும்பும் இடமும் தாளத்துக்குத் தாளம் வேறு. நான் இப்போது படித்துக்கொண்டிருப்பது அதைத்தான், ஒவ்வொரு தாளமாக, குச்சியும் மணியுமாக.