கொச்சிக்கடையில் ஒரு மதியம்

கொழும்புக்குக் குடும்பமாகச் செல்வோருக்கு இரு சுமைகள்: ஒன்று பெட்டி, மற்றது நேர அட்டவணை. பெட்டியையாவது எங்கேனும் இறக்கி வைக்கலாம்.

சென்ற விடுமுறையில் அப்பாச்சியின் நேர்த்திக்கடனுக்காகப் புறக்கோட்டைச் சனநெரிசலையும் பெருமழையையும் கடந்து கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலை நாம் அடைந்தபோது, உச்சிப் பூசை நிறைவெய்தி நடை சாத்தப்பட்டிருந்தது. மறுநாட் காலை ஊர் திரும்பவேண்டும். ஆகவே மாலைவரை காத்திருந்தோம். தெகிவளை மிருகக்காட்சிச்சாலைப் பயணம் கைவிடப்பட்டது. பிள்ளைகளின் முகங்களைப் பார்க்க இயலவில்லை.

“சுவாமி நித்திரையோ?” எனச் சின்னவன் சிணுங்கினான்.

“இல்லை ராசா, எங்களைக் கொஞ்சம் இருத்தி வைச்சிருக்கிறார்” என்றார் அப்பாச்சி.

இருந்தமையால் அன்றோ கண்டோம்! 1857இல் பொன்னம்பல முதலியார் கட்டுவித்த இக்கோயிலை, அவர் மைந்தர் சேர் பொன். இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லாற் புதுப்பித்தார். தீபாராதனை கண்டதும் விரைந்தோடுவோருக்கு இத்தூண்கள் வெறுந் தூண்களே. அன்றோ பிள்ளைகள் ஒவ்வொன்றையும் தடவித் தடவிப் பார்த்தனர். ஒரு தூணைச் செதுக்கச் சிற்பி எத்தனை நாள் இருந்திருப்பார் என மூத்தவள் வினவினாள். அதன்பின் நேரத்தைக் குறித்து எவரும் முறையிடவில்லை.

மாலை மணி ஒலித்து நடை திறந்தபோது, சின்னவன்தான் அப்பாச்சியின் மடியில் நித்திரையாயிருந்தான்.