பின்னந்தலை

தேனியிலிருந்து கம்பம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஓட்டல் வாசலில் கும்பிடு போடும் ஆள், ஜவுளிக்கடை மாடியில் யானை... எல்லாம் ஃபைபர். எட்ட நின்றால் கருங்கல்; தட்டினால் பிளாஸ்டிக் குடம்!

அவற்றைச் செய்கிற ஒருவரை ரோட்டோரத் தகரக் கொட்டகையில் சந்தித்தேன். முதலில் களிமண்ணில் உருவம். அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசித் துண்டு துண்டாக அச்சு. அச்சுக்குள் கண்ணாடி இழை விரிப்பை வைத்து, ரெசின் தடவித் தடவி ஒட்டுவார்கள். காய்ந்ததும் உரித்து, உள்ளே இரும்புக் குழாய் கொடுத்து, ஒட்டுத் தெரியாமல் தேய்த்து, பெயின்ட். அந்தத் தேய்ப்புதான் கொடுமை.

''தூளு மேல பட்டா ராத்திரி பூரா சொறிஞ்சுக்கிட்டே கெடக்கணும் தம்பி. வீட்டுல என் சட்டைய மட்டும் தனியாத்தேன் துவைப்பாக.''

கொட்டகை நடுவில் எட்டடியில் பென்னிகுவிக். 1895-ல் முல்லைப்பெரியாறு அணையைக் கட்டி முடித்தவர். லோயர் கேம்ப்பில் 2013-ல் அவருக்கு மணிமண்டபமே திறந்தார்கள். இந்தப் பக்கம் டீக்கடையில்கூட சாமி படத்தோடு அவர் படமும் தொங்கும். இது ஒரு கிராமத்துப் பொங்கலுக்கான சிலை.

''ஒத்த போட்டோதேன் குடுத்தாக. அதுவும் முன்பக்கம். பின்னாடி தலை எப்படி இருந்துச்சுன்னு யாரு கண்டா?''

''அப்புறம் என்னண்ணே பண்ணீங்க?''

''எங்க அப்பாவோட பின்னந்தலைய வச்சுட்டேன். இந்தத் தண்ணியத்தேன் காலம் பூரா வயலுக்குப் பாய்ச்சுனாரு. சைக்கிள் கேரியர்ல உக்காந்து நான் பார்த்த தலை. அவருக்கு ஒரு போட்டோகூட இல்ல தம்பி.''

பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? பில்லை வாங்கிப் பார்த்தேன். அச்சு, ரெசின், பெயின்ட், வண்டி வாடகை... அவ்வளவுதான்.

குமரியில் 2000-ல் திறந்த 133 அடி வள்ளுவரைச் செதுக்கியவர் கணபதி ஸ்தபதி என்று பலருக்குத் தெரியும். ஃபைபருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ''பீடத்துல உங்க பேரு?'' என்றேன். ''தெறந்து வைக்கிறவரு பேரு, பணம் குடுத்தவுக பேருக்கே எடம் பத்தல'' என்று சிரித்தார்.

பொங்கல் முடிந்து அந்த ஊருக்குப் போனேன். சிலைக்கு மாலை. முன்னால் நின்று பிள்ளைகள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் நேராகப் பின்பக்கம் போனேன்.

சுவரை ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். நடுவில் ஒரு சாண் இடம்கூட இல்லை.