தோட்டாவுக்கு எதுக்கு டீச்சர் கொழுப்பு?



அமெரிக்காவில் மகள் வீட்டில் ஐந்து மாதம் இருந்துவிட்டு ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. "டீச்சர், நயாகரா போனீங்களா?" என்று பலரும் கேட்கிறீர்கள். அந்தப் போட்டோவெல்லாம் மகளே போட்டுவிட்டாள். நான் எழுத நினைத்தது வேறு விஷயம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள். 1989-ல் எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவில் என்னிடம் படித்தவர்கள் அவசியம் படியுங்கள்.

மகள் இருப்பது பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து, நாங்கள் நாச்சியார்கோவிலில் வாங்கிக் கொடுத்த குத்துவிளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அங்கே அடுப்புச் சாம்பலுக்கு எங்கே போவது? பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட்டு, அப்புறம் புளி போட்டேன். என் அம்மா சொல்லிக்கொடுத்த வரிசை அது. பிசுக்கு போகாமல் புளியைப் போட்டால், புளி மேலேயே வழுக்கிக்கொண்டு போகும், கறுப்பு அப்படியே இருக்கும்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் இருப்பது என்ன என்று கேட்டார். மாப்பிள்ளை புளியைப் பற்றி விளக்கினார். பெரியவர் சிரித்துவிட்டு, "நானும் நாளைக்குப் பித்தளைதான் கழுவப் போகிறேன், அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா" என்றாராம்.

மறுநாள் அவருடைய கார் ஷெட்டுக்குப் போனோம். ஏதோ பாத்திரம் பண்டம் என்று நினைத்துப் போனவளுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. மேஜை மேல் ஒரு டப்பா நிறையக் காலித் தோட்டாக்கள்! பேங்க் வாசலில் நிற்கும் காவலாளியின் துப்பாக்கியைப் பார்த்தாலே ஒதுங்கிப் போகிறவள் நான். மருந்தெல்லாம் வேறு அலமாரியில் பூட்டியிருக்கிறது, இவை வெறும் கூடுகள் என்று மாப்பிள்ளை தைரியம் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன்.

அங்கே நவம்பர் கடைசியில் மான் வேட்டைக் காலம். பெரியவர் லைசென்ஸ் எடுத்து வேட்டைக்குப் போகிறவர். சுட்டு முடிந்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் தூக்கிப் போடாமல், மறுபடி மருந்தும் குண்டும் வைத்துப் பயன்படுத்துவாராம். அங்கே பலருக்கு இது பழக்கம். வேட்டையில் எனக்கு விருப்பமில்லை, அதை நல்லது என்று சொல்லவும் வரவில்லை. ஆனால் அவர் அந்தக் கூடுகளைக் கழுவிய பக்குவத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

சுடும்போது உள்ளே எழும் அழுத்தத்தில் கூடு உப்பிவிடும். அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவர ஓர் எஃகு அச்சுக்குள் வைத்து, நெம்புகோலால் அழுத்த வேண்டும். பித்தளையும் எஃகும் வெறுமனே உரசினால் கூடு உள்ளேயே இறுகிக்கொள்ளும், வெளியே வராது. அப்படிக் கூடு மாட்டிக்கொண்ட ஒரு பழைய அச்சை எடுத்துக் காட்டினார். அதற்காகத்தான் அழுத்துவதற்கு முன் ஒரு மசகு தடவுகிறார்கள். அவர் வைத்திருந்தது ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலின், ஆல்கஹாலில் கரைத்தது. அதிகமாகப் போட்டாலும் வம்பு. மசகு போக இடமில்லாமல் அச்சுக்குள் தேங்கிக் கூட்டின் தோளை நெளித்துவிடும். நெளிந்த கூடு ஒன்றையும் காட்டினார்.

அழுத்தி முடித்ததும் அந்த மசகு துளியும் இருக்கக் கூடாதாம். நாலைந்து கூடுகள் என்றால் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தாலே போதும். நிறைய இருந்ததால் அன்று சுடுதண்ணீர், பாத்திர சோப்பு, ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம் எல்லாம் ஒரு சின்ன டிரம்மில் ஊற்றி, மெல்லிய எஃகுக் கம்பித் துண்டுகளோடு கூடுகளையும் போட்டுச் சுற்றவிட்டார். சோப்பு பிசுக்குக்கு, அமிலம் கறைக்கு. என் அம்மாவின் அதே சோப்பும் புளியும்! "எங்கள் வீட்டிலும் இதேதான்" என்று மாப்பிள்ளையிடம் சொல்லச் சொன்னேன். பெரியவர் எழுந்து வந்து கை குலுக்கினார்.

கழுவும்போது கையுறை போட்டிருந்தார். எரிந்த மருந்தின் கசடில் ஈயம் இருக்குமாம். அந்த டிரம்மோ வாளியோ சமையலறைப் பக்கமே போகாது. நானும் சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகுதான் பேரனைத் தொட்டேன்.

கடையில் விற்கும் பித்தளை பாலிஷ் போட்டால் என்ன என்று கேட்டேன். வேகமாகத் தலையை ஆட்டினார். சில பாலிஷில் அம்மோனியா இருக்கும், அது பித்தளையில் விரிசல் விழவைக்கும் என்றார். அன்று இரவு மாப்பிள்ளை அதைத் தேடிப் படித்துச் சொன்னார். வெள்ளைக்காரன் ஆட்சியில் நம் நாட்டில் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயத்தில் வைத்திருப்பார்களாம். எடுத்துப் பார்த்தால் பல தோட்டாக்களில் விரிசல். குதிரை மூத்திரத்தில் இருந்து வரும் அம்மோனியாவும், பித்தளையை இழுத்துக் கூடாக்கும்போது அதற்குள் தங்கிவிடும் இறுக்கமும் சேர்ந்துதான் காரணம் என்று 1921-ல்தான் விளக்கினார்களாம்.

வெள்ளைக்காரன், தோட்டா, கொழுப்பு என்று மனசு ஓடியதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

1857 பாடம். மங்கள் பாண்டே, பாரக்பூர், மார்ச் 29. மீரட், மே 10. என்ஃபீல்டு துப்பாக்கித் தோட்டாவில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறது என்ற பேச்சு. வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். 1989-ல் அந்தப் பாடம் நடத்தும்போது நான்காவது பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து கேட்டான்: "தோட்டாவுக்கு எதுக்கு டீச்சர் கொழுப்பு? வழுக்கிக்கிட்டுப் பின்னாடி வந்து சுடறவனையே அடிச்சிடாதா?"

வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியவில்லை. கேலி பண்ணுகிறான் என்று முடிவு கட்டி, கையை நீட்டச் சொல்லிப் பிரம்பால் இரண்டு அடி கொடுத்தேன். பீரியட் முடியும்வரை பெஞ்சு மேல் நிற்க வைத்தேன். அந்த வருஷம் முழுக்க அவன் வேறு கேள்வியே கேட்கவில்லை. "நல்லா அடங்கிட்டான்" என்று ஸ்டாஃப் ரூமில் பெருமையாகச் சொன்னதும் நினைவிருக்கிறது.

தம்பி, உன் பெயரை இங்கே போட மாட்டேன். நீ இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறாய். நான் போடும் காலை வணக்கத்துக்கெல்லாம் கைகூப்பும் படம் போடுகிறாய். இத்தனை வருஷம் கழித்து உன் கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

1857 துப்பாக்கியில் குண்டை வாய்ப்பக்கம் போட்டு, கம்பியால் குழாயின் அடிவரை இடிக்க வேண்டும். குழாய்க்குள் திருகு வெட்டு இருக்கும், எரிந்த மருந்தின் கசடும் ஒட்டியிருக்கும். குண்டு சிக்காமல் இறங்கவும், கசடு இறுகாமல் இருக்கவும்தான் காகிதத் தோட்டாவின் குண்டு இருக்கும் முனையில் கொழுப்பு. அந்த வகைத் துப்பாக்கியில் அடிப்பக்கம் மூடியே இருப்பதால் குண்டு பின்னால் வர வழியில்லை. இது உன் முதல் கேள்விக்குப் பதில்.

இரண்டாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடாதது. அந்தப் பெரியவர் மசகை அப்படித் தேடித் தேடித் துடைத்தாரே, ஏன் தெரியுமா? மசகு உள்ளே போனால் மருந்து கெட்டுப்போகும், வெளியே இருந்தால் தூசி ஒட்டும். இன்னொன்றும் சொன்னார். இந்தக் காலத்துப் பித்தளைத் தோட்டா, சுடும்போது உப்பித் துப்பாக்கி அறையின் சுவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேலே மசகு இருந்தால் அந்தப் பிடி குறையும். கூடு பின்பக்கமாக அதிக வேகத்தோடு தள்ளும், அந்த உதை பின்னால் அடைத்திருக்கும் தாழ்ப்பாளின் மேல் விழும். நீ கேட்டதும் அதுதானே அப்பா? வழுக்கிப் பின்னாடி வராதா என்று. துப்பாக்கியையே பார்த்திராத பதின்மூன்று வயசுப் பையன் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறாய். உன்னைப் போய் அடித்தேன்.

இன்று ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிள்ளை கேட்பது கோமாளித்தனமாகப் பட்டால், நமக்குப் பதில் தெரியுமா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் "தெரியாதுப்பா, பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது. எனக்கு அது பணி ஓய்வுக்குப் பிறகுதான் புரிந்தது.

தம்பி, டீச்சரை மன்னித்துவிடு. முடிந்தால் ஒருநாள் வீட்டுக்கு வா. இன்னும் என்னென்ன கேட்க நினைத்து அன்றைக்குக் கேட்காமல் விட்டாயோ, அதையெல்லாம் கேள். தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததை இரண்டு பேரும் சேர்ந்து தேடிப் பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்