பழி காபிக்கு, குறை தண்ணீருக்கு

ஓசூர் வட்டாரத்தில் எங்கள் சொந்தபந்தங்களில் எவருக்கேனும் விலாவில் வலி கண்டு, ஸ்கேனில் சிறுநீரகக் கல் என்று தெரிந்துவிட்டால், பெரியவர்கள் முதலில் விலக்கச் சொல்வது காபியைத்தான். அண்மையில் எங்கள் மச்சானுக்கும் அதே தீர்ப்பு. ஆய்வுகள் இதற்கு மாறாகச் சொல்கின்றன.

அமெரிக்காவில் 81,000க்கும் மேற்பட்ட செவிலியரைப் பல்லாண்டு கவனித்து 1998இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் அருந்தும் ஒவ்வொரு கோப்பைக் காபிக்கும் கல் உண்டாகும் வாய்ப்பு ஏறத்தாழ 10 விழுக்காடு குறைந்து காணப்பட்டது. காஃபின் சிறுநீரில் கால்சியத்தைச் சற்றுக் கூட்டுவது உண்மையே. ஆனால் சிறுநீரின் அளவையும் அது பெருக்குகிறது. நீர்த்த சிறுநீரில் உப்புகள் எளிதில் படிகமாவதில்லை. கல்லில் கால்சியம் இருக்கிறதே என்று பாலையும் சேர்த்து நிறுத்துவோர் உண்டு. அதுவும் தேவையற்றது. பாலின் கால்சியம் உணவிலுள்ள ஆக்சலேட்டைக் குடலிலேயே பிணைத்து வெளியேற்றிவிடும். நோன்பு திறந்ததும் நாம் தேடும் இனிப்புக் குளிர்பானமே கல்லின் வாய்ப்பைக் கூட்டுவதாக ஆய்வுகளில் தெரிகிறது. அதை எவரும் விலக்கச் சொல்வதில்லை!

யெமன் நாட்டுச் சூஃபிகள் இரவு வணக்கத்திற்கு விழித்திருக்க அருந்திய பானம் இது. பாபா புதன் அதைச் சிக்கமகளூரு மலைக்குக் கொணர்ந்தார் என்பது நம் அண்டை மாநிலத்துச் செவிவழிச் செய்தி. 1511இல் மக்காவிலேயே காபிக்குத் தடை விதிக்கப்பட்டது. பழி சுமப்பது அதற்குப் புதிதன்று.

கல்லுக்கு முதற்காரணம் தண்ணீர்க் குறைவு. தென்னிந்திய எஃகு ஆலைத் தொழிலாளரிடையே நடந்த ஓர் ஆய்வில், ஸ்கேன் செய்யப்பட்ட 91 பேரில் 27 விழுக்காட்டினருக்குக் கல்லோ வேறு சிறுநீரகக் கோளாறோ இருந்தது. வெப்பத்தில் உழைத்தவர்களுக்குக் கல்லின் வாய்ப்பு கூடுதலாக இருந்தது.

வெப்பம் மட்டுமன்று. எங்கள் தங்கை கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து ஓசூரிலுள்ள ஒரு தொழிற்சாலைக்குக் கம்பெனிப் பேருந்தில் செல்கிறாள். போக வர மூன்று மணி நேரம். வழியில் கழிவறை கிடையாது. வேலையிடத்தில் லைனை விட்டு எழுவதற்கும் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும். ஆகவே ஃபஜ்ருக்குப் பின் அரைத் தம்ளர் தண்ணீரோடு சரி. ஆண் மேற்பார்வையாளரிடம் நாளுக்கு மூன்று முறை போய் நிற்க எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்? இவளிடம் போய்க் காபியைக் குறை என்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

ஒருமுறை கல் வந்தவர்கள் நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியுமளவு நீர் அருந்த வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். ரமளானில் அதை மஃக்ரிபுக்கும் ஸஹருக்கும் இடையே பிரித்து அருந்தலாம். அவர்கள் நோன்பு தொடங்குமுன் மருத்துவரைக் கலந்துகொள்வது நல்லது. வலியோடு காய்ச்சலும் கண்டால் தாமதிக்கவே கூடாது.

மச்சான் காலைக் காபியைத் தொடர்கிறார். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீரும் இருக்கிறது. தங்கையும் உடன் பணிபுரியும் பெண்களும், கேட்காமலே எழுந்து செல்ல ஷிஃப்டுக்கு இரண்டு இடைவேளை வேண்டுமென்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை.