மூன்று தந்தி, ஒரு தோள்பை

கென்டக்கியின் லெக்சிங்டன் நகரிலிருந்து மவுன்டன் பார்க்வே வழியாகக் கிழக்கே போகிறவருக்கு ஆரம்பத்தில் குதிரைப் பண்ணைகளும் புல்மேடுகளும்தான் கண்ணில் படும். பிறகு சாலை வளையத் தொடங்கும். இருபுறமும் காடு நெருக்கும். கைபேசியில் சிக்னல் வரும், போகும். நிலக்கரிக்குப் பேர்போன ஹேசர்டைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினால் ஹிண்ட்மன். நாட் கவுன்டியின் தலைநகர் என்று பெயர்; ஊரில் ஆயிரம் பேர்கூட இல்லை.

இந்தக் கட்டுரையாளரை அங்கே இழுத்துப் போனது ஒரு வாத்தியம். மவுன்டன் டல்சிமர். அப்பலாச்சிய மலைக்காரர்களின் சொத்து. ஏறக்குறைய மூன்றடி நீளம், சில விரல்கடை உயரத்தில் ஒரு மரப்பெட்டி, அதன் நடுவே தலைமுதல் கால்வரை ஓடும் மெட்டுப் பலகை, மூன்று அல்லது நான்கு தந்திகள். நாற்காலியில் உட்கார்ந்து மடியில் குறுக்கே கிடத்தி, இடக்கையால் தந்தியை அழுத்தி, வலக்கையால் மீட்ட வேண்டும். சந்தூர் மாதிரி இரு குச்சிகளால் தட்டி வாசிக்கும் டல்சிமர் ஒன்றும் உண்டு. அது முற்றிலும் வேறு குடும்பம். இணையத்தில் ஆர்டர் போடுகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் காதில் விழுந்தவர்களுக்கு இந்தக் கருவி அரைமணியில் புரிந்துவிடும். வீணையில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு மெட்டு, டல்சிமரில் ஏழுதான். வேண்டாத ஸ்வரத்துக்கு இடமே வைக்கவில்லை. அடித் தந்தி ஷட்ஜம், நடுத் தந்தி பஞ்சமம், வாசிக்கும் தந்தி மேல் ஷட்ஜம் என்று கூட்டினால் (அமெரிக்கர்கள் இதை டி-ஏ-டி என்பார்கள்) மெட்டுகளை வரிசையாகத் தொட்டுப் போகும்போது ஹரிகாம்போதி ஸ்வரங்கள் வரும். இன்றைய கருவிகளில் ஆறாவது, ஏழாவது மெட்டுகளுக்கு நடுவே ‘ஆறரை’ என்று ஒரு மெட்டு கூடுதலாக இருக்கும். அதில் கிடைப்பது காகலி நிஷாதம். ஆறுக்குப் பதில் அதைத் தொட்டால் சங்கராபரணம். வாசிக்காத தந்திகள் பாட்டுக்குச் சுருதி பிடித்துக்கொண்டே இருக்கும். தனியாகத் தம்புரா வேண்டாம்.

ஹிண்ட்மனின் பெருமை ஜேம்ஸ் எட்வர்ட் தாமஸ் என்ற தச்சரிலிருந்து தொடங்குகிறது. 1850இல் பிறந்தவர், ‘அங்கிள் எட்’ என்றுதான் ஊரில் பெயர். 1870களில் தொடங்கி 1930கள் வரை டல்சிமர் செய்தார். இடை சிறுத்த உடல், பக்கத்துக்கு இரண்டாக இதய வடிவத் துளைகள், உள்ளே ஒரு வரிசை எண். செய்ததைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் வீடு வீடாகப் போய் வாசித்துக் காட்டி விற்றதாகச் சொல்வார்கள். அவருடைய கருவிகளில் கம்பியை வளைத்து அடித்த மெட்டுகள் வாசிக்கும் முதல் தந்திக்கு அடியில் மட்டும்தான் இருக்கும். மற்ற தந்திகள் சுருதிக்கு மட்டும் என்பதால் அவற்றுக்கு மெட்டு எதற்கு என்ற கணக்கு. அவரிடம் கற்ற ஜெத்ரோ ஆம்பர்கி, 1902இல் தொடங்கிய ஹிண்ட்மன் செட்டில்மென்ட் பள்ளியில் மரவேலை சொல்லிக்கொடுத்தபடியே ஆயிரத்துக்கும் மேற்பட்ட டல்சிமர்களைச் செய்து முடித்தார். 2001இல் கென்டக்கி அரசு இதைத் தன் மாநில இசைக்கருவியாக அறிவித்தது.

தொழில் இன்னும் அங்கே இருக்கிறது. ஊர் நடுவே ஓடும் ஓடையின் பெயரையே வைத்துக்கொண்ட டிரபிள்சம் கிரீக் இசைக்கருவி நிறுவனம், போதை மாத்திரையிலிருந்து மீண்டு வருகிறவர்களுக்கு வேலை கொடுத்து, உள்ளூர் மரத்தில் கித்தாரும் மாண்டலினும் டல்சிமரும் செய்கிறது. 2022 ஜூலை கடைசியில் அந்த ஓடை கரை மீறியது. கிழக்குக் கென்டக்கியில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஹிண்ட்மனில் வாத்தியப் பட்டறைகளுக்குள்ளும் செட்டில்மென்ட் பள்ளியின் ஆவணக் காப்பகத்துக்குள்ளும் சேற்றுநீர் புகுந்தது. காய வைத்து, ஒட்டி, திரும்பத் தொடங்கினார்கள்.

சரி, வாங்குவதற்கு வருவோம்.

கடையில் சுவரெங்கும் தொங்கும் டல்சிமர்களில் கண் முதலில் போவது துளைகளின் மேல்தான்: இதயம், பறவை, இலை, திராட்சைக்கொடி. ஓசைக்கும் அந்தச் சித்திரத்துக்கும் பெரிய சம்பந்தமில்லை. வால்நட் உடல் என்றால் ஒலி கொஞ்சம் கதகதப்பாக இருக்கும், செர்ரி என்றால் சற்றுத் துல்லியம், மேல்பலகை ஸ்ப்ரூஸ் என்றால் பளிச்சென்று எழும் என்பார்கள். மரத்தைப் பற்றி விற்பனையாளர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவார். அதை ஒரு காதில் வாங்கிக்கொண்டே பார்க்க வேண்டியது தந்தியின் உயரத்தை.

அதற்குப் பழைய வாத்தியக்காரர்கள் சில்லறைக் காசை எடுப்பார்கள். முதல் மெட்டின் பக்கத்தில், தந்திக்கு அடியில் ஒரு டைம். அமெரிக்காவின் பத்து சென்ட் காசு, 1.35 மில்லிமீட்டர் தடிமன். தந்தி அதன் முதுகை உரசியும் உரசாமலும் நிற்க வேண்டும். அப்புறம் ஏழாவது மெட்டின் பக்கத்தில் அதே டைமின் மேல் ஒரு நிக்கல், அதாவது ஐந்து சென்ட். இரண்டும் சேர்ந்து 3.3 மில்லிமீட்டர். அங்கேயும் தந்தி காசைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் கருவி வாசிக்கத் தயார். இதைவிட உயரமாக இருந்தால் அழுத்தும்போதே தந்தி இழுபட்டுச் சுருதி ஏறிவிடும், விரலும் வலிக்கும். தாழ்ந்திருந்தால் மெட்டில் பட்டு இரையும். அழகான துளைகளுள்ள எத்தனையோ நினைவுப்பொருள் டல்சிமர்கள் இந்தக் காசுப் பரீட்சையில் தோற்றுப்போகின்றன.

அடுத்தது தந்தியின் நீளம். மேருவிலிருந்து குதிரைவரை அதிரும் பகுதி பெரும்பாலும் 25 முதல் 29 அங்குலம். இக்காலத்தில் பலர் மூன்று தந்திகளிலும் விரல் வைத்து கித்தார் மாதிரி வாசிக்கிறார்கள். அதற்கு 27 அங்குலத்துக்குள் இருந்தால்தான் சிறிய கைக்கு எட்டும். பழைய பாணிக்கு இந்தக் கவலை இல்லை. அதில் ‘நோட்டர்’ என்ற விரல்நீளக் குச்சியை, மூங்கிலோ கட்டை மரமோ, இடக்கையில் பிடித்து முதல் தந்திமேல் வழுக்கிக்கொண்டே போவார்கள். வலக்கையில் வாத்து அல்லது வான்கோழி இறகின் தண்டு. ஸ்வரத்துக்கு ஸ்வரம் அந்தக் குச்சி சறுக்கும் சத்தமும் பாட்டோடு சேர்ந்தே கேட்கும். இதற்கு ஏற்ற சுருதி டி-ஏ-ஏ: ஒரு ஷட்ஜம், இரண்டு பஞ்சமம். மூன்றாவது மெட்டில் ஷட்ஜத்தை வைத்துக்கொண்டால் நேரே சங்கராபரணம். ஆறரை மெட்டே தேவையில்லை. இப்போது வகுப்பெடுப்பவர்கள் பெரும்பாலும் டி-ஏ-டியிலேயே தொடங்குகிறார்கள். அது வசதிதான், ஆனால் டல்சிமரின் பழைய குரல் டி-ஏ-ஏயில்தான் இருக்கிறது என்பது கட்டுரையாளரின் கட்சி.

பிருடைகளில் இரண்டு வகை. வயலினில் இருப்பதுபோல் வெறும் மரப் பிருடை பார்க்க லட்சணம். ஈரம் ஏறினால் இறுகும், காய்ந்தால் நழுவும். பயணத்துக்கு கித்தாரில் வரும் பல்சக்கரப் பிருடையே மேல்.

பயணம் இந்தக் கருவிக்குப் புதிதல்ல. இதன் மூதாதை ஜெர்மானியக் குடியேறிகள் பென்சில்வேனியாவுக்குக் கொண்டுவந்த ஷைட்ஹோல்ட் என்ற ஒடுங்கிய பெட்டி வாத்தியம் என்பது ஆராய்ச்சியாளர்கள் பலரின் முடிவு. ஷெனான்டோவா பள்ளத்தாக்கு வழியாகத் தெற்கே இறங்கி, ஸ்காட்லாந்து, அயர்லாந்துப் பாட்டுகளோடு சேர்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இன்றைய உருவத்துக்கு வந்தது. மலையை விட்டு அதை வெளியே கொண்டுபோனவர் ஜீன் ரிச்சி. ஹேசர்டுக்குத் தெற்கே வைப்பர் என்ற சிற்றூரில் 1922இல், பதினான்கு பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். அப்பா தன் டல்சிமரைப் பிள்ளைகள் தொடக் கூடாது என்று வைத்திருந்தார். ஜீன் திருட்டுத்தனமாக எடுத்துத்தான் கற்றுக்கொண்டார். சமூகசேவைப் படிப்பை முடித்து 1940களின் கடைசியில் நியூயார்க்குக்கு வேலைக்குப் போனபோது டல்சிமரும் கூடவே போனது. 1952இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் போய், தன் வீட்டுப் பாட்டுகளின் வேரைத் தேடினார். நியூயார்க்கில் கேட்டவர்கள் எல்லாரும் எனக்கொன்று வேண்டும் என்று நச்சரிக்க, கணவர் ஜார்ஜ் பிக்கோ தன் உறவினரோடு சேர்ந்து புரூக்ளினில் ஒரு பாலத்தடிப் பட்டறையில் டல்சிமர் செய்ய ஆரம்பித்தார்.

ஆனால் டல்சிமரோடு ஊர்சுற்றியவர்களில் உலகறிந்தவர் ஜோனி மிட்செல்தான். 1969இல் கலிஃபோர்னியாவின் பிக் சர் நாட்டுப்பாடல் விழாவில் ஜோயெலன் லாபிடஸ் என்ற கைவினைஞரிடம் ஒன்று வாங்கினார். அதற்குமுன் யாரும் வாசித்து அவர் பார்த்ததில்லை. அதனால் இறகால் மீட்டாமல் கையால் அறைந்து வாசிக்கத் தொடங்கினார். அந்தத் தாளமே அவர் பாணியாகிவிட்டது. அடுத்த ஆண்டு ஐரோப்பாவுக்குக் கிளம்பும்போது கித்தாரைச் சுமக்க மனமில்லாமல் எடைகுறைந்த இதை எடுத்துப் போனார். கிரீட் தீவில் மட்டாலா கடற்கரையின் குகைகளில் தங்கியிருந்த நாட்களில் கூட இருந்தது அதுதான். 1971இல் வந்த ‘ப்ளூ’ இசைத்தட்டில் நான்கு பாட்டுகளில் டல்சிமர் கேட்கும்; ‘கேரி’ என்ற பாட்டு பிறந்தது அந்த மட்டாலா வாசத்தில்தான்.

அவர் காலத்தில் விமானத்தில் கையில் எடுத்துப்போவது பெரிய வழக்காகியிருக்காது. இப்போது கைப்பெட்டிக்குப் பல நிறுவனங்கள் வைக்கும் வரம்பு 22 அங்குலம்; டல்சிமரோ உறையோடு 36 அங்குலத்துக்குக் குறையாது. அமெரிக்காவில் இதற்கு ஒரு சட்டம் உண்டு. 2012இல் நிறைவேறி, 2015 மார்ச் 6 முதல் விதியாக நடைமுறைக்கு வந்தது: ஏறும் நேரத்தில் தலைக்குமேல் உள்ள தட்டிலோ இருக்கைக்கு அடியிலோ இடம் இருந்தால், சிறிய இசைக்கருவியை அமெரிக்க விமான நிறுவனங்கள் அனுமதித்தே ஆக வேண்டும். ‘இடம் இருந்தால்’ என்பதில்தான் சூட்சுமம். கடைசி ஆளாக ஏறினால் சட்டம் உதவாது. முன்வரிசையில் ஏறும் டிக்கெட்டுக்குச் சில டாலர் கூடக் கொடுப்பது வீண்செலவல்ல. மற்ற நாட்டு நிறுவனங்களுக்கு இந்த விதி கிடையாது என்பதால், முன்பதிவின்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பறக்கும்முன் தந்திகளை ஒரு ஸ்வரம் அளவுக்குத் தளர்த்தினால் போதும். முழுதாகத் தளர்த்தினால், ஒட்டாத குதிரை உள்ள கருவிகளில் அது இடம்பெயர்ந்துவிடும். அப்புறம் சுருதி சேர்ப்பது தலைவேதனை. குதிரையின் இரு பக்கமும் பென்சிலால் மெல்லக் கோடு போட்டுவைப்பது, தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுவது ஆகிய இரண்டும் இந்தத் தலைவேதனைக்கு முன்மருந்து. டல்சிமர் தந்தி எல்லா ஊரிலும் கிடைக்காது; கித்தார் தந்தி கிடைக்கும். அதன் நுனியில் உள்ள சிறு பித்தளைக் குண்டைக் குறடால் நசுக்கி எடுத்துவிட்டால் ஒரு வளையம் மிஞ்சும். ஆணியில் மாட்டும் டல்சிமருக்கு அது பொருந்தும். குறடு செக்-இன் பெட்டியில் போகட்டும்.

மரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் சர்வதேச வணிகத்தில் கடுமையாகத் தடுக்கப்பட்ட மரம். பழைய கருவியில் அது இருந்தால் எல்லை தாண்டக் காகிதம் வேண்டும். மற்ற ரோஸ்வுட் வகைகளையும் 2017இல் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து, முடிந்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு அளித்தார்கள். வால்நட், செர்ரி டல்சிமருக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

பராமரிப்பு என்றால் பாதி ஈரப்பதம்தான். காற்றில் 40 முதல் 60 சதவீதம் இருந்தால் மரம் சும்மா இருக்கும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் மரம் சுருங்கி, மெட்டுகளின் முனை பலகைக்கு வெளியே நீட்டி விரலைக் கீறும். முற்றினால் மேல்பலகை பிளக்கும். இதற்குக் கடைச்சாமான் தேவையில்லை. பிளாஸ்டிக் சோப்பு டப்பாவில் ஓட்டை போட்டு, பிழிந்த ஸ்பாஞ்சை உள்ளே வைத்து உறைக்குள் போட்டால் போதும். கடலோர ஊர்களில் நிலைமை தலைகீழ்: மரம் ஊதித் தந்தி உயரும், அங்கே வேண்டியது சிலிக்கா ஜெல். எந்த ஊரானாலும் வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் வைக்கவே கூடாது. பசை இளகி, குதிரைப் பக்கம் மெல்ல எழும்பும்.

ஹிண்ட்மனிலிருந்து தென்கிழக்கே மலைமேல் மலையாகத் தாண்டினால் வர்ஜீனியாவின் கேலக்ஸ். டல்சிமர் அங்கே வேறு அவதாரம். நீர்த்துளி வடிவில் பெரிய உடல். நான்கு தந்திகளுக்கும் ஒரே ஸ்வரம். மடிபட்டு ஒலி அமுங்காதிருக்க அடியில் இரண்டாவது பலகை. மெல்டன் குடும்பத்தார் பரம்பரையாகச் செய்து வாசித்த பாணி இது. கென்டக்கியில் தனிமையில் முணுமுணுக்கும் கருவி, கேலக்ஸில் இறகு பறக்கப் பறக்கப் பிடிலோடு போட்டி போடும். இரண்டையும் கேட்காமல் ஒன்றை வாங்குவது அவசரம்.

கேட்பதற்கு நல்ல இடம் கேலக்ஸில் 1935இல் தொடங்கிய பழைய பிடில்காரர்கள் மாநாடு. ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஃபெல்ட்ஸ் பூங்காவில் நடக்கிறது. மேடையைவிடக் கூடாரங்களுக்கு நடுவே இரவு முழுக்க நடக்கும் கச்சேரிகள்தான் விசேஷம். மடக்கு நாற்காலி ஒன்று கொண்டுபோனால் யாராவது நகர்ந்து இடம் தருவார்கள். டல்சிமருக்குத் தனிப் போட்டி உண்டு. கலந்துகொள்ள நினைப்பவர்கள் பெயரை முன்கூட்டியே பதிவுசெய்துவிட வேண்டும்.