பேரின் வயது

கனகராயன்குளத்தில் ஏ-9 வீதியோரம் எனக்கொரு கொமினிகேஷன் கடை. போட்டோக் கொப்பி, லமினேற்றிங், ரீலோட், பள்ளிப் பிள்ளைகளின் ஒப்படைகளுக்கு ரைப்பிங். கல்லாவுக்குப் பின்னால் உள்ள பழைய கொம்பியூட்டரில் இன்னொரு வியாபாரமும் நடக்கிறது. டொமைன் என்கிற இணையப் பெயர்களை எடுத்து வைத்திருந்து விற்பது. ஊரில் இதைத் தெரிந்த இரண்டொருவர் லொத்தர் மாதிரி ஏதோ ஒன்று என்று நினைக்கிறார்கள். பாதி சரி.

2011இல் எடுத்த ஒரு பெயரை 2025இல் விற்றேன். அது என்ன பெயர் என்று வெளியில் சொல்வதில்லை என்று கையெழுத்து வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்து வயற்காரர் நாளுக்குப் பத்துத்தரம் வாயில் எடுக்கும் தமிழ்ச் சொல், ஆங்கிலத்தில் ஆறு எழுத்து, பின்னால் டொட் கொம். இவ்வளவு போதும்.

போருக்குப் பிறகு மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து திரும்பி, கூரைத் தகடு கிடைத்துக் கொஞ்சம் மூச்சு விட்ட காலம். வவுனியாவில் ஒரு இணையக் கடையில் இருந்துகொண்டு ரொறன்ரோவில் இருக்கும் அத்தானுக்கு மின்னஞ்சல் போட்டேன். எனக்குக் கடனட்டை கிடையாது. அவர் தன்னுடைய அட்டையில் பத்து டொலர் கட்டி, தன் பெயரிலேயே பதிந்து, கடவுச்சொல்லை எனக்கு அனுப்பினார். அப்போது பத்து டொலர் ஏறக்குறைய ஆயிரத்து நூறு ரூபா. நெல்லு, உழுந்து, கச்சான் விலைகளை நாளாந்தம் போடும் ஒரு தளம் நடத்துவது என் எண்ணம். இரண்டு வருடம் நடத்தினேன். பிறகு எல்லாருடைய கையிலும் போன் வந்தது, விலை வட்ஸ்அப்பில் போகத் தொடங்கியது, தளம் படுத்துவிட்டது. பெயர் மட்டும் மிஞ்சியது.

தமிழ்ச் சொல்லுக்கு விலை வைப்பது சிக்கலான வேலை. ஆங்கிலப் பெயர்களுக்குப் பழைய விற்பனைகளின் பட்டியல் இருக்கிறது. நேம்பயோ தளத்தில் தேடினால் ஒத்த பெயர் எவ்வளவுக்குப் போனது என்று தெரியும். 2019இல் ‘வொய்ஸ்’ என்ற ஒற்றைச் சொல் டொட் கொம்மோடு 3 கோடி டொலருக்குப் போயிருக்கிறது. எங்கள் சொற்களுக்கு அப்படிப் பட்டியல் ஏது? தானாக விலை மதிக்கும் இயந்திரங்களிடம் கேட்டால் இதுவோர் அர்த்தமில்லாத எழுத்துக் கோவை என்று நூறு டொலருக்குள் ஒரு தொகை சொல்லும். அதற்குமேல் எழுத்துக் குழப்பம். எங்கள் ஊர்ப் பெயரையே பாருங்கள். நடுவில் வரும் ‘க’வுக்கு ‘கே’ போடுவதா ‘ஜீ’ போடுவதா என்று வீதிப் பலகைகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. ‘ழ’ வந்தால் தொலைந்தது. காதால் கேட்டதும் கை பிசகாமல் ரைப் பண்ணக்கூடிய தமிழ்ச் சொல் அபூர்வம். என்னுடையது அந்த அபூர்வத்தில் ஒன்று. அதன் விலையில் பாதி அதற்காகத்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

டொட் இலங்கை என்று முழுத் தமிழிலேயே பெயர் பதியலாம் என்று 2010இல் வந்தது. ஆசையாக இருந்தது. வாங்க ஆள் இல்லை.

வைத்திருக்கும் செலவையும் சொல்லவேண்டும். நூறு பெயர் வைத்திருக்கிறவன் வருடத்தில் ஒன்றிரண்டு விற்றாலே கெட்டிக்காரன் என்பது இந்தத் தொழிலில் எல்லாரும் சொல்லும் கணக்கு. மிச்சம் தொண்ணூற்றெட்டுக்கும் வருடா வருடம் கட்டவேண்டும். டொலர் 360 ரூபாவைத் தொட்ட 2022இல் ஒரு பெயருக்கு மூவாயிரத்து அறுநூறு வந்தது. பெற்றோல் வரிசையில் நின்றபடி நாற்பது பெயர்களைக் கைவிட்டேன். விற்ற அந்தப் பெயரும் தவணை முடிந்து மீட்புக் காலத்துக்குள் போய்விட்டது. தவணை தாண்டினாலும் உடனே பறிபோகாது. முதலில் சில வாரச் சலுகை, பிறகு அபராதத்தோடு முப்பது நாள், அதற்குப் பிறகு ஐந்து நாளில் அழிந்து சந்தைக்குப் போய்விடும். முப்பது நாளின் கடைசிக்கு முதல்நாள் அத்தானே கட்டினார்.

“உதை விடன் தம்பி, பதினொரு வருசமா உது என்னத்தைக் கிழிச்சது?” என்றார்.

அன்று அவர் கட்டியிராவிட்டால் பிறகு வேறொருவர் எடுத்திருப்பார், அல்லது நானே திரும்ப எடுத்திருப்பேன். நானே எடுத்திருந்தாலும் பதிவுத் திகதி 2022 என்று மாறியிருக்கும். அந்தத் திகதிதான் எல்லாம்.

காரணம், 2017இல் தமிழ்நாட்டில் ஒரு கொம்பனி அதே சொல்லைத் தன் பொருளுக்குச் சூட்டி வியாபாரக் குறியாகப் பதிந்திருந்தது. நான் கவனிக்கவில்லை.

பெயர்ச் சண்டைகளுக்கு 1999இல், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐக்கான் அமைப்பு ஒரு விதி கொண்டுவந்தது. யூ.டி.ஆர்.பி. என்பார்கள். நீதிமன்றம் போகவேண்டியதில்லை. ஜெனீவாவில் இருக்கும் உலகப் புலமைச் சொத்து நிறுவனம் போன்ற இடத்தில் மனுப் போட்டால் நடுவர்கள் தீர்ப்பார்கள். முறையிடுபவர் மூன்றைக் காட்டவேண்டும். பெயர் தன் குறியை ஒத்திருக்கிறது, வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரித்து இல்லை, கெட்ட நோக்கத்தோடு பதிந்து கெட்ட நோக்கத்தோடே பாவிக்கிறார். மூன்றாவதில் இரண்டு பாதியும் வேண்டும். குறி பிறந்தது 2017, பெயர் பிறந்தது 2011. பிறக்காத பிள்ளையின் பெயரை நான் எப்படித் திருடியிருக்க முடியும்?

அந்த விதியின் கீழ் வந்த முதல் வழக்கே விற்பனையால் வந்த வினை. அமெரிக்க மல்யுத்தக் கொம்பனியின் முழுப் பெயரை ஒருவர் பதிந்துவிட்டு, சில நாட்களுக்குள் அவர்களுக்கே எழுதி ஆயிரம் டொலர் கேட்டார். பெயரைக் கைமாற்றும்படி 2000 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. இவ்வளவு வருடம் கழிந்தும் ஆட்கள் திருந்தவில்லை. ஜியோவும் ஹொட்ஸ்டாரும் சேரப்போகின்றன என்று ஊகித்து இரண்டு பெயரையும் ஒட்டிப் பதிந்த டில்லி இளைஞர் ஒருவர், 2024 ஒக்டோபரில் தன் கேம்பிரிட்ஜ் படிப்புச் செலவைக் கேட்டார். கெட்டிக்காரப் பெடியன்தான். ஆனால் அந்தப் பெயரில் அவருடைய சொல் என்று ஒன்றுமில்லை, இரண்டும் மற்றவனுடையவை.

சென்னைக் கதை எனக்கு இன்னும் கிட்ட. சத்யம் இன்போவே 1999 நவம்பரில் இந்தியாவேர்ல்ட் தளங்களை 499 கோடி இந்திய ரூபாவுக்கு வாங்கப் பேசியது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இன்றும் வாய்பிளந்து சொல்லும் தொகை. ‘சிஃபி’ சத்யம் இன்போவே தனக்கு வைத்த பெயர். 2001இல் வேறொரு கொம்பனி ஒரு ‘எஃப்’ கூடப் போட்டு ‘சிஃபிநெற்’ என்று பதிந்தது. ஐந்து பங்காளிகளின் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தோம் என்றார்கள். 2004இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதை நம்பவில்லை. டொமைன் பெயருக்கும் வியாபாரக் குறிக்குரிய பாதுகாப்பு உண்டு என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. எனக்கு அதில் பிடித்தது அந்த முதலெழுத்துக் கதைதான். பெயர் வைத்த காரணத்தைப் பிறகு கேட்டால் எவரும் அழகாகச் சொல்வார்கள். வைத்த அன்றைக்கே தடயம் இருக்கவேண்டும்.

இங்கேதான் எனக்குக் காணி நினைவு வரும். அப்பாவுடையது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி. 2008 கடைசியில் ஊரை விட்டு ஓடும்போது அரிசியை விட்டுவிட்டு அந்தக் கடுதாசியைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் கட்டியவர் அவர். முள்ளிவாய்க்கால் தாண்டி முகாம்வரை அது மடியிலேயே இருந்தது. டொமைனும் பெர்மிட் மாதிரித்தான். உறுதிக் காணி அல்ல. வருடத்துக்கு ஒருதரம் கட்டணம் கட்டும்வரை உன்னிடம் இருக்கும். ஆனால் ஒரு இடத்தில் அது காணியிலிருந்து முழுதாகப் பிரிந்து போகிறது. எங்கள் நாட்டின் 1871ஆம் ஆண்டு ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி தனியார் காணியைப் பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டால் உரித்து வரும். ஏழு வருடம் ஆண்டவரிடம் வாங்கினால் அவருடைய ஏழோடு உன்னுடைய மூன்றையும் கூட்டலாம். டொமைனில் அந்தக் கூட்டல் இல்லை. பெயர் கைமாறிய நாளை வாங்கியவர் புதிதாகப் பதிந்த நாளாகவே நடுவர்கள் பார்க்கிறார்கள். தவணை புதுப்பித்தால் வயது மாறாது. ஆளுக்குக் கைமாறினால் மாறும். என்னுடைய 2011 என்னோடுதான் இருக்கும். அதை விற்கமுடியாது.

இது எனக்குச் சும்மா தெரியவரவில்லை. 2023இல் சிங்கப்பூரில் இருக்கும் ஒரு டொமைன் வியாபாரி நாலாயிரம் டொலர் தருகிறேன் என்றார். இரண்டு நாள் தூக்கம் இல்லை. தேடிப் படித்தபோதுதான் 2017ஐயும் கண்டேன், கைமாற்ற விசயத்தையும் கண்டேன். அவர் வாங்கினால் அவருடைய பதிவு 2023. ஆறு வருடம் பழைய குறிக்கு முன்னால் வெறுங்கையோடு நிற்பார். சொன்னேன். நன்றி சொல்லிவிட்டு எண்ணூறுக்கு இறங்கினார். சொல்லாமல் விற்றிருக்கலாம் என்று மனைவி ஒரு மாதம் ஏசினாள். அந்த மனிதர் பிறகு என்னிடம் வேறு மூன்று பெயர் வாங்கினார் என்பதை அவளுக்குச் சொல்ல எனக்கு அவசரமில்லை.

அதோடு சேர்ந்து இன்னொரு பயமும் பிடித்தது. 2019இல் என்னிடம் சொந்த அட்டை வந்தபோது பெயரை அத்தானிடமிருந்து என் பெயருக்கு மாற்றியிருந்தேன். அப்படியென்றால் நானும் 2019காரனா? மச்சான்மார் இருவருக்கிடையில் கைமாறினது கைமாற்றமா? உண்மையில் ஆண்டவர் மாறவில்லை, பதிவு மட்டும் மாறியது என்று தொடர்ச்சியாகக் காட்டமுடிந்தால் நடுவர்கள் ஏற்பதுண்டு. காட்டவேண்டியது என் பாடு. 2011இல் அத்தானுக்குப் போட்ட மின்னஞ்சல், அவர் கடவுச்சொல் அனுப்பிய பதில், வருடா வருடம் நான் அவருக்குக் காசு திருப்பிக் கொடுத்த குறிப்புகள் எல்லாவற்றையும் அச்செடுத்தேன். என் விலைப்பட்டியல் தளத்தின் படம் இன்ரநெற் ஆர்க்கைவில் இருந்தது. 2012 சித்திரை மாதத்து உழுந்து விலையைப் பார்த்து அழாத குறை. என் கடையிலேயே லமினேற் பண்ணினேன்.

பிழை என் பக்கமும் இருந்தது. தளம் படுத்த பிறகு பெயரை விளம்பரப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தேன். மாதத்துக்கு ஒன்று இரண்டு டொலர் வரும். விளம்பரங்களை நான் தேர்வதில்லை, அது தானாகப் போடும். அந்தக் கொம்பனி வளரவளர என் பக்கத்தில் அவர்களுடைய போட்டிக்காரரின் பொருட்கள் வரத்தொடங்கியிருந்தன. ‘நான் போடவில்லை, இயந்திரம் போட்டது’ என்பது நடுவர் காதில் ஏறாது. கெட்ட பாவனை என்று எழுத அதைவிட என்ன வேண்டும்? பதிந்தது சுத்தம், பாவித்தது அழுக்கு. சிங்கப்பூர்க்காரரின் கடிதம் வந்த கிழமையே நிறுத்தினேன். அடுத்த வருடம் வந்த கடிதத்தில் பழைய படங்கள் இணைக்கப்பட்டிருந்தன.

2024இல் கொம்பனியின் சட்டத்தரணி எழுதியது அந்தக் கடிதம். பதினான்கு நாளில் ஒப்படை, செலவுக்கு 250 டொலர் தருவோம் என்றது. இந்த இடத்தில் புதியவர்கள் செய்யும் வேலை ஒன்று இருக்கிறது. கோபத்தில் “இருபதாயிரம் தந்தால் தாறன்” என்று எழுதுவார்கள். அந்த ஒரு வரி எதிராளியின் மனுவில் முதலாவது இணைப்பாகிவிடும். நான் விலையே எழுதவில்லை. ‘இது எங்கள் மொழியின் பொதுச் சொல், இந்த வருடத்திலிருந்து இந்த வேலைக்குப் பாவித்தேன், இவை ஆவணங்கள்’ என்று ஒரு பக்கம். எட்டு மாதம் சத்தமில்லை.

அந்த எட்டு மாதத்தில்தான் விலையை உண்மையாக மதித்தேன். சொல்லின் அழகை வைத்து அல்ல, எதிராளியின் செலவை வைத்து. ஒரு நடுவர் என்றால் மனுக் கட்டணம் 1,500 டொலர். மூன்று நடுவர் வேண்டுமென்று நான் கேட்டால் மொத்தம் 4,000, அதில் பாதி என் தலையில். அவர்களுக்கு அதன்மேல் சட்டத்தரணி. தோற்றால், அதிகாரத்தால் பெயரைப் பறிக்க முயன்றார்கள் என்று நடுவர் எழுதி வைக்கவும் இடமுண்டு, அது பகிரங்கமாகவே கிடக்கும். மறுபக்கம், நான் தோற்றால் எனக்கு ஒரு சதமும் இல்லை. நிசான் என்ற குடும்பப் பெயருடையவர் ஒருவர் 1994இல் தன் கொம்பியூட்டர் கடைக்கு அந்தப் பெயரைப் பதிந்தார். 1999இல் கார்க் கொம்பனி ஒரு கோடி டொலர் கேட்டு வழக்குப் போட்டது. பெயரைக் காப்பாற்றிக்கொண்டார். வருடக்கணக்கில் சண்டை பிடித்து. எனக்கு அந்தத் தெம்பு இல்லை, கடையைப் பூட்டிவிட்டுச் சண்டை பிடிக்கவும் முடியாது.

முழு விலை கொடுக்கக்கூடியவர் உலகத்தில் அந்தக் குறிக்காரர் ஒருவர்தான். அவரிடம் நானாகப் போகக்கூடாது. அவர் வரும்வரை திறப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடை நடத்தவேண்டும்.

வந்தார்கள். பெயர் சொல்லாத தரகர் ஒருவர் மூலம். “என்ன எதிர்பார்க்கிறீங்கள்?” என்று கேட்டார். “உங்கட ஆள் என்ன நினைக்கிறார்?” என்றேன். இரண்டாயிரத்து ஐந்நூறில் தொடங்கி, ஏழு கிழமையில் 6,200 டொலரில் நின்றது. இன்னும் இழுத்திருக்கலாமோ என்று சில இரவுகளில் தோன்றும். விளம்பரப் படங்களை நினைத்ததும் அந்த யோசனை போய்விடும்.

பணத்தை எஸ்க்ரோ நிறுவனத்திடம் அவர்கள் கட்ட, நான் பெயரை மாற்ற, பிறகு பணம் விடுபடும். இலங்கையில் பேபால் கணக்குக்குப் பணம் வாங்க அப்போது முடியாதிருந்ததால் நேரே வங்கிக்கு. வவுனியாவில் வங்கி அதிகாரி படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

“என்ன வித்தனீங்கள் தம்பி, காணியோ?”

“இல்லை சேர், ஒரு பேர்.”

பேனை நின்றது. ஒப்பந்தத்தைக் காட்டினேன். இரண்டு பக்கம் புரட்டினார், பக்கத்து மேசையைப் பார்த்தார், நோக்கம் என்ற கட்டத்தில் ‘கணினிச் சேவை’ என்று எழுதினார். நான் திருத்தவில்லை.